பிள்ளை மடுவத்துக் கூரையும் ஒரு பொன்னாடையும்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதோடு, ஆடுகிற நாற்காலியையும் ஒற்றைக் காலால் தாங்கிக்கொண்டிருக்கும் எங்கள் தோட்டத் தலைவர், மதிப்புக்குரிய வீரபத்திரன் அண்ணன் அவர்களே. மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கும்போது கண்டிப்பும் மண்டபத்தில் கனிவும் காட்டும் கண்டாக்கு ஐயா அவர்களே. நாங்கள் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் எங்கள் பிள்ளைகளைத் தன் மடியில் போட்டுக் காக்கும் பிள்ளை மடுவத்து ஆயா, பேச்சியம்மா அக்கா அவர்களே. நகரத்திலிருந்து சொந்த வேனில் வந்து, எனக்குப் பக்கத்தில் அமர்ந்து, இந்தக் குளிரிலும் வேர்த்துக்கொண்டிருக்கும் கூரை ஒப்பந்தக்காரர் திருவாளர் கோகுலராஜ் அவர்களே. தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே, தாய்மார்கள் வரச் சொன்னதால் வந்திருக்கும் தந்தைமார்களே. மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் மனைவி பரிமளம் அவர்களே! வீட்டில் உங்களை நான் இப்படி அழைப்பதில்லை. மைக் இருப்பதால் அழைக்கிறேன். அனைவருக்கும் சுதாகரனின் வணக்கம்.

எனக்கு இன்று இரண்டு வேலை கொடுத்திருக்கிறார்கள். பிள்ளை மடுவத்துக்குப் புதுக் கூரை போட வந்திருக்கும் கோகுலராஜ் அவர்களை வாழ்த்திப் பேச வேண்டும். பேசி முடித்து இந்தப் பொன்னாடையை அவருக்குப் போர்த்த வேண்டும். போர்த்தியதும் தலைவர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பார். இந்தப் பெரும்பொறுப்புக்கு என்னை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? நான் படித்தவன் என்பதாலா? சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவன்தான். தேறினேன் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. பிறகு ஏன்? இந்தத் தோட்டத்திலேயே கோகுலராஜ் அவர்கள் கூரை போட்ட ஒரே வீடு என்னுடைய வீடு. அனுபவசாலியைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் சிரிக்கிறீர்கள்? தாய்மார்கள் பக்கம் கொஞ்சம் அமைதி காக்க வேண்டும்.

முதலில் இந்தப் பொன்னாடையைப் பற்றி ஒரு வார்த்தை. இது சாதாரணப் பொன்னாடை அல்ல. தேர்தலுக்கு வந்தவருக்குப் போர்த்தியது இதுதான். மாற்றலாகிப் போன பள்ளிக்கூட அதிபருக்குப் போர்த்தியதும் இதுதான். லிந்துலைக்குப் புது பஸ் விட்ட அன்று டிரைவருக்குப் போர்த்தியதும் இதே பொன்னாடைதான். போர்த்துவோம், படம் எடுப்போம், தேநீர் கொடுக்கும்போது பதமாக வாங்கி மடித்து வைப்போம். நம் தோட்டத்துக்கு வந்து போன பெரிய மனிதர்கள் அத்தனை பேரின் வியர்வையும் இதில் இருக்கிறது. என் வீட்டுக் கூரை வேலை தொடங்கிய அன்று கோகுலராஜ் அவர்களுக்கு நான் போர்த்தியதும் இதே பொன்னாடைதான்.

அந்தக் கதை உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் மைக்கில் கேட்டதில்லை அல்லவா?

வரிசையாக வீடுகள் ஒட்டி நிற்கும் எங்கள் லயத்தில் எனக்கு வாய்த்தது தொங்கல் காம்பரா, அதாவது கடைசி வீடு. ஆடிக் காற்று வந்தால் முதலில் என் கூரையைத்தான் தட்டிப் பார்க்கும். பழைய தகரம் பறக்காமல் இருக்கக் கல் வைத்தேன், டயர் வைத்தேன், மண் மூட்டை வைத்தேன். கடைசியில் என் கூரைக்குக் கீழே இருந்த சொத்தைவிடக் கூரைக்கு மேலே இருந்த சொத்து அதிகமாகிவிட்டது. அப்போதுதான் புதுத் தகரம் போடலாம் என்று கோகுலராஜ் அவர்களை அழைத்தேன்.

வந்தார். வெறுங்கையோடா வந்தார்? கோப்போடு வந்தார். கோப்பைத் திறந்தால் சான்றிதழ்கள், பளபளவென்று லெமினேட் செய்த சான்றிதழ்கள். ஒன்று பிரதேச செயலகத்தின் வியாபாரப் பதிவு. ஒன்று தகரக் கம்பெனி கொடுத்தது. இன்னொன்று கட்டடத் தச்சு வேலைக்கான தேசிய தொழில் தகைமை, முத்திரை போட்டது. அன்பர்களே, என் ஆயுளில் நான் வாங்கிய சான்றிதழ் பிறப்புச் சான்றிதழும் கல்யாணச் சான்றிதழும்தான். இரண்டுக்கும் நான் தனியாக எந்த முயற்சியும் எடுக்கவில்லை. அப்படிப்பட்டவன் முன்னால் முத்திரையைக் காட்டினால் என்ன செய்வேன்? அவற்றின் பிரதிகளை வாங்கி, சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தேன். பரிமளம் ஊதுபத்தி கொளுத்தினாள். படிக்க வேண்டியதை நான் படிக்கவில்லை; கும்பிட்டேன்.

அடுத்து பொன்னாடை. போர்த்திய பிறகு ஒரு மனிதரிடம் கேள்வி கேட்க முடியுமா? அதுதானே நம் பழக்கம்? கோப்போடு வருகிறவருக்கு நாற்காலியைத் துடைத்துப் போடுவோம், பால் தேநீர் கொடுப்போம், தோளை மூடுவோம், அதோடு நம் வாயையும் மூடிக்கொள்வோம்.

மறுநாள் காலை கோகுலராஜ் அவர்கள் வேனில் வந்தார். தகரத்தை இறக்கினார், கூடவே இரண்டு பேரை இறக்கினார், நானுஓயாவில் அவசர வேலை என்று போய்விட்டார். இறங்கிய இரண்டு பேரில் ஒருவர் கரட் லொறியில் மூட்டை ஏற்றுகிறவர். மற்றவர் யார்? நம் கோயில் மேளக்காரர் அழகன். தம்பி, நீ எழுந்திருக்க வேண்டாம், உட்கார். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கூப்பிட்டார்கள், வந்தாய். அன்று நீ ஆணி அடித்தபோது தாளம் ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. கீழே நின்று நான் தலையாட்டினேன். பக்கத்து வீட்டாரும் தலையாட்டினார்கள்.

தாளம் பிசகவில்லை. ஆணிதான் பிசகிவிட்டது. நெளித் தகரத்தில் மேடும் பள்ளமும் மாறி மாறி வரும் அல்லவா? ஆணி மேட்டில் விழ வேண்டுமாம். தம்பி பள்ளத்தில் இறக்கிவிட்டான். பள்ளத்தில்தானே தண்ணீர் ஓடும்? முதல் மழையிலேயே ஒவ்வோர் ஆணியும் ஒரு குழாயாகிவிட்டது. தண்ணீர் வசதி இல்லாத லயம் என்று இனி யாரும் எங்களைச் சொல்ல முடியாது. கட்டிலை நகர்த்தினேன், அங்கேயும் ஒழுகியது. அரிசிப் பானைக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் பரிமளம் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "அந்தப் பொன்னாடைய வாங்கிட்டு வந்து கூரைக்குப் போத்துங்க. அதுக்காவது பிரயோசனப்படட்டும்."

பக்கத்து வீட்டில்தானே இருந்தீர்கள் பேச்சியம்மா அக்கா, நீங்கள் சிரித்தது எனக்குக் கேட்டது.

கோபத்தில் சாமி படத்துப் பக்கம் போனேன். சாமியிடம் சண்டை போட முடியாது, பக்கத்தில் இருந்த சான்றிதழைக் கையில் எடுத்தேன். தகரக் கம்பெனியின் தொலைபேசி இலக்கம் இருந்தது. அழைத்தேன். நல்ல தமிழ் பேசும் ஒரு தங்கச்சி எடுத்தார். கூரை ஒழுகுகிறது, உத்தரவாதம் உண்டா என்று கேட்டேன். அவர் என்னிடம் திருப்பிக் கேட்டார்: "தகரத்த ஏத்துனது யாருங்க அண்ணே?"

"அழகன்."

"அவருக்கு என்ன பயிற்சி இருக்குங்க?"

"திருவிழாவுக்குத் திருவிழா வாசிக்கிறாருங்க."

 தங்கச்சி சிரிப்பை அடக்குகிறாரா அழுகையை அடக்குகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு பொறுமையாகச் சொன்னார். அந்தச் சான்றிதழ், கோகுலராஜ் என்பவர் பயிற்சி வகுப்புக்கு வந்து, தகரத்தை எப்படிப் போடுவது என்று கேட்டுக்கொண்டதற்கு. வகுப்புக்கு வந்தது அவர்; கூரை ஏறியது வேறு ஆள். உத்தரவாதம் தகரத்துக்குத்தான், அதுவும் சொன்னபடி போட்டால்தான் என்றார். ஆணி அடித்த கைக்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. நான் அவருக்கு நன்றி சொல்லி வைத்துவிட்டேன். பொன்னாடை மட்டும்தான் போர்த்தவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் காகிதங்களை எழுத்துக் கூட்டிப் படித்தேன். வியாபாரப் பதிவு என்ன சொல்கிறது? இப்படி ஒரு கடை இருக்கிறது என்கிறது. கடை இருக்கிறது என்றால் கூரை ஒழுகாது என்று அர்த்தமா? முத்திரை போட்ட தொழில் தகைமையைப் பார்த்தேன். அதில் இருந்த பெயர் கோகுலராஜ் இல்லை. துஷாந்த். யார் இந்தத் துஷாந்த்? கோகுலராஜ் அவர்களின் மச்சான். உண்மையிலேயே கெட்டிக்காரராம், முறையாகப் பரீட்சை கொடுத்து வாங்கியவராம். எங்கே இருக்கிறார்? கட்டாரில். சான்றிதழ் என் வீட்டுச் சாமி படத்தடியில், கை பாலைவனத்தில். மழையே பெய்யாத ஊரில் அவர் ஒழுகாத கூரை போட்டுக்கொண்டிருக்கிறார்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கோகுலராஜ் அவர்கள் ஏமாற்றுக்காரர் அல்ல. பெயரை அவர் மறைக்கவில்லை, பெரிய எழுத்தில்தான் இருந்தது. நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. நடுவில் இந்தப் பொன்னாடை இருந்தது.

அன்பர்களே, டாக்டரின் பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, வாசலில் நிற்கும் காவல்காரர் ஊசி போட்டால் கையை நீட்டுவோமா? அண்ணனின் லைசன்ஸைக் காட்டித் தம்பி பஸ் ஓட்டினால் நானுஓயா வளைவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போமா? மாப்பிள்ளை படத்தைக் காட்டி, மணவறையில் மச்சானை உட்கார வைத்தால் தாலி கட்ட விடுவோமா? விட மாட்டோம். கூரைக்கு மட்டும் ஏன் விடுகிறோம்? சான்றிதழ் கடைக்கு இல்லை, ஆளுக்கு. யார் பெயரில் இருக்கிறதோ அவர் ஏற வேண்டும், அல்லது ஏறுகிறவர் பக்கத்தில் அவர் நிற்க வேண்டும். பெயரைப் பார்ப்போம், அடையாள அட்டையோடு ஒத்துப் பார்ப்போம், கொடுத்த இடத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்போம். கேட்டால் மரியாதை குறைந்துவிடுமா? கேட்காததால் என் வீட்டில் எது குறைந்தது என்று பரிமளத்தைக் கேளுங்கள்.

என் சின்ன மகள் கேஷிகாவுக்கு மூன்று வயது. பிள்ளை மடுவத்தில்தான் இருக்கிறாள். மழைச் சத்தம் கேட்டால் மற்றப் பிள்ளைகள் பேச்சியம்மா அக்காவைக் கட்டிப் பிடிக்கும். என் மகள் ஓடிப்போய்ச் சட்டி எடுத்து, ஒழுகும் இடத்தில் சரியாக வைப்பாளாம். வீட்டிலும் அப்படித்தான். என் மகளுக்கு எவ்வளவு அறிவு என்று நான் பெருமைப்பட்டேன். பரிமளம் பெருமைப்படவில்லை. "கூரைன்னா ஒழுகுறதுன்னு அது நெனச்சுக்கிட்டு இருக்குங்க. ஒழுகாத கூரைய அது பாத்ததே இல்ல."

அன்றிலிருந்து நானும் பெருமைப்படுவதில்லை. 

என் வீட்டில் ஒழுகினால் நனைவது நான். நனையட்டும், எனக்கு வேண்டும். மடுவத்தில் ஒழுகினால் நனைவது யார்? நாம் மலையில் நிற்கும்போது, நம்மைக் கூப்பிடக்கூட முடியாமல், தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள். அதனால் கோகுலராஜ் அவர்களே, போர்த்திய பிறகு கேட்க எனக்கு வாய் வராது என்பதால் போர்த்துவதற்கு முன்னால் கேட்கிறேன். மடுவத்துக் கூரையில் யார் ஏறப் போகிறார்? உங்கள் மச்சான் வந்துவிட்டாரா?

இந்த மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள், பின்வரிசைக்குக் கேட்கவில்லை.

"இன்னும் வரலைங்க."

நல்லது. உண்மையைச் சொன்னதற்காக ஒரு கைதட்டு கொடுக்கலாம். தட்டுங்கள். என்ன, இன்னும் ஏதோ சொல்ல வேண்டுமா? சொல்லுங்கள்.

"லிந்துலையில கூரை வேல செய்ற தச்சு பாஸ் ஒருத்தரு இருக்காருங்க. அதே சர்டிபிகேட், அவரு பேர்லயே. அவரக் கூட்டிக்கிட்டு வர்றேன். அவரு கூரையில நிக்கிற வரைக்கும் நானும் கீழ நிக்கிறேன். அண்ணே, ஒங்க வீட்டையும் சரி பண்ணித் தர்றேங்க."

முதலில் மடுவம். என் வீடு பழகிவிட்டது. தலைவரே, அந்தப் பாஸ் நம் முன்னால் வந்து நின்ற பிறகு, அவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கலாம் அல்லவா? தலையாட்டுகிறார். நாற்காலியும் சேர்ந்து ஆடுகிறது, ஏகமனதாக ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

இதோ, பொன்னாடையை மடிக்கிறேன். யாருக்கும் போர்த்தாமல் நம் தோட்டத்தில் மடிக்கப்படுவது இதுவே முதல் தடவை. பேச்சியம்மா அக்கா, இது உங்களிடம் இருக்கட்டும். கூரை போட்டு, முதல் பெருமழை பெய்ததும், மடுவத்துத் தரையை உங்கள் கையால் தடவிப் பாருங்கள். காய்ந்திருந்தால் எங்களைக் கூப்பிடுங்கள். கூரை ஏறிய அந்தப் பாஸுக்கு ஊர் கூடிப் போர்த்துவோம். அன்று அழகன் தம்பி மேளம் வாசிப்பான், தரையில் நின்று. கேஷிகா சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, வைக்க இடம் தேடட்டும். கிடைக்காமல் போகட்டும்.

வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். இவ்வளவு நேரம் பேசவிட்ட தலைவருக்கும், எழுந்து போகாத கோகுலராஜ் அவர்களுக்கும், கட்டிய கையை இப்போதுதான் அவிழ்த்திருக்கும் பரிமளத்துக்கும், குளிரில் குந்தியிருந்து கேட்ட உங்கள் அத்தனை பேருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. வெளியே மழை பிடித்துவிட்டது. குடை கொண்டு வந்தவர்கள் கொண்டு வராதவர்களையும் சேர்த்துக்கொண்டு போங்கள். வணக்கம்.