கடைசிப் பதினாறு பக்கங்கள்

நாற்பது நிமிடத் தலைமையுரையை நேரமில்லை என்று சொல்லிச் சொல்லியே நிறைவு செய்த, பெருமதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அய்யாவு அவர்களே! மேடையின் வலப்புறம் வாடாமல் வீற்றிருக்கும் செயற்குழுச் சான்றோர்களே! மாணவர் வந்தாலும் வராவிட்டாலும் ஞாயிறுதோறும் சரியாகப் பத்து மணிக்குத் தமிழ் வகுப்பைத் தொடங்கிவிடும் ஆசிரியை உஷா அவர்களே! ஆஸ்டின் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, இருக்கைகளை அலங்கரிக்கும் அன்புத் தாய்மார்களே! வைட்ஃபீல்டிலிருந்து மதியமே கிளம்பி, இப்போதுதான் உள்ளே வந்து உட்கார இடம் தேடும் தம்பிமார்களே! கேசரி எப்போது என்று வாயால் கேட்காமல் கண்ணால் கேட்டுக்கொண்டிருக்கும் செல்வங்களே! என் உரையின் நடுவே அடிக்கடி குறுக்கிடப்போகும் ஒக்கலிபுரத்து ரயில்களே! அனைவருக்கும் ரகுராமின் பணிவான வணக்கம்.

எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு, 'பிஞ்சு நெஞ்சங்களில் வாசிப்பை வளர்ப்பது எப்படி?' என்பது. எப்படி என்று எனக்குத் தெரியாது. கைதட்ட வேண்டாம், நான் இன்னும் முடிக்கவில்லை.

என் எழுத்து வாழ்வை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பகலில் நான் வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் விதிமுறைகள் எழுதுகிறேன். உங்கள் செல்போனில் முப்பது பக்கம் நீளமாக வந்து நிற்குமே, கீழே 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அந்த முப்பது பக்கம் என் கைவண்ணம். யாரும் படித்ததில்லை. எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். தமிழ் இலக்கியத்தில் எனக்கு அந்த வசதியும் இல்லையே என்று நெடுநாள் வருந்தினேன். வருந்தியிருக்கத் தேவையில்லை என்பது பின்னால் புரிந்தது.

ஏழாண்டுகளுக்கு முன் 'ஆட்டுக்கு டிக்கெட் இல்லை' என்றொரு சிறுவர் நாவல் எழுதினேன். முத்தம்மா என்ற ஆடு பங்காரப்பேட்டையில் தவறுதலாக ரயிலேறிவிடுகிறது. அதுதான் கதை. எண்பது பக்கம், முந்நூறு பிரதி. அச்சிட்டவர் ஆஸ்டின் டவுனில் அச்சகம் நடத்தும் டேரில் என்பவர். நம் தலைவர் சங்க ஆண்டு மலரில் அதற்கு மதிப்புரை எழுதினார். "கடைசிப் பக்கத்தை மூடியபோது என் கண்கள் பனித்தன" என்பது அவர் வாக்கு. ஓர் இலக்கிய அமைப்பு விருதே தந்தது. பாராட்டுப் பத்திரத்தில் 'செதுக்கி வைத்த முடிவு' என்று பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். கூடத்தில் மாட்டி வைத்தேன்.

மிஞ்சிய பிரதிகள் இதோ இந்த மேடைக்குப் பின்னால் இருக்கும் பீரோவில் குடியேறின. சங்க விளையாட்டு விழாவில் முதல் பரிசு டிபன் பாக்ஸ். இரண்டாம் பரிசு தண்ணீர் பாட்டில். மூன்றாம் பரிசு என் நாவல். நான்காவதாக வந்த குழந்தைகள் ஆறுதலடைந்து வீடு திரும்பினார்கள்.

ரயில் போகட்டும். அது சொல்வதைச் சொல்லி முடிக்கட்டும்.

சென்ற ஆண்டு எலுமிச்சை, ஸ்பூன் ஓட்டத்தில் மூன்றாவதாக வந்தாள் எட்டு வயதுச் சிறுமி சிந்து. அவளுடைய தாயார் பாஞ்சாலி அம்மா, வைட்ஃபீல்டில் ஓர் அலுவலகத்தில் துப்புரவுப் பணி செய்கிறவர். ஆஸ்டின் டவுனில் தமிழில் ஏழாம் வகுப்பு வரை படித்தவர். சிந்து படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். வீட்டில் பேசுவது தமிழ். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆகவே அம்மா வேலை முடிந்து மெட்ரோவில் வந்து இறங்கி, உலை வைத்துவிட்டு, அரிசி வேகும் நேரத்தில் இரண்டு பக்கம் படித்துக் காட்டுவார். நின்றபடியே பன்னிரண்டு மணி நேரம் உழைத்த கால்கள், அன்பர்களே! அந்தக் கால்கள் ஓர் ஆட்டுக்காகத் தரையில் மடங்கி உட்கார்ந்தன.

ஒரு மாதம் ஓடியது. அறுபத்து நான்காம் பக்கம் வந்தது. அதன் கடைசி வரி இது: 'முத்தம்மா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ரயில் பெட்டியின் கதவருகே நின்றிருந்தது யார் தெரியுமா?'

அடுத்த பக்கத்தைத் திருப்பினால் பின்னட்டை. அதில் என் புகைப்படம்.

சிரிக்காதீர்கள். அது நல்ல புகைப்படம்.

"யாரும்மா நின்னாங்க?" என்றாள் சிந்து.

"அவ்ளோதான் இருக்குது."

"பொய் சொல்றே. உனக்கு டயர்டு. அதான் விட்டுட்டே."

"இல்ல கண்ணு, நெஜமா இவ்ளோதான்."

"நேத்தும் விட்டே. படத்துல சூரியன் இருந்துச்சு, நீ சூரியனைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. இனிமே நீ படிக்கவே பேடா."

கோபத்தில் 'வேண்டாம்' கன்னடத்தில் 'பேடா' ஆகிவிட்டது. சூரியன் விஷயத்தில் குழந்தை சொன்னது உண்மை. பாஞ்சாலி அம்மா என் சூரிய அஸ்தமன வர்ணனைகளைத் தாண்டித் தாண்டித்தான் படித்திருக்கிறார். அதனால் அவருடைய உண்மை எடுபடவில்லை. தன் வயிற்றில் பிறந்த பிள்ளை தன்னைப் பொய்க்காரி என்று நினைக்கிறதே என்று அந்தத் தாய் உள்ளம் நொந்தது. பிள்ளையோ, அம்மா தந்த இட்லியைத் தின்றது. அம்மா சொன்ன சொல்லை நம்பவில்லை.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்குச் சிந்து தனியாக இந்த மண்டபத்துக்குள் நுழைந்தாள். ஆசிரியை உஷா மூன்று வாரமாக நாற்காலிகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். ஆனந்தத்தில் எழுந்தே விட்டாராம்.

"எதுக்கும்மா தமிழ் கத்துக்கணும்?" என்று கேட்டார்.

மொழிப்பற்று என்று சொல்வாள், பண்பாடு என்று சொல்வாள் என எதிர்பார்த்திருப்பார்.

"எங்கம்மா மேல ஒரு டவுட் இருக்குது மிஸ்" என்றாள் சிந்து.

அன்னைத் தமிழை ஆர்வத்தால் கற்றவர் உண்டு. அதிகாரிகளின் உத்தரவால் கற்றவர் உண்டு. அன்னையின் மேல் கொண்ட சந்தேகத்தால் ஐந்தே மாதத்தில் அகர வரிசையை அடக்கி ஆண்டவள் இந்த ஒருத்திதான்! இப்போது கைதட்டலாம்.

ஐந்தாம் மாத முடிவில் முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்து விரல் வைத்துத் தானே படித்தாள். அறுபத்து நான்காம் பக்கம் வந்தாள். கதவருகே நின்றிருந்தது யார் தெரியுமா? திருப்பினாள். நான். அம்மா சொன்னது உண்மை. கூடவே அம்மா தாண்டிய இடங்கள் பதினொன்றையும் கண்டுபிடித்துவிட்டாள். "நீ விட்டதெல்லாம் போர்தாம்மா" என்று சொல்லி, அந்தப் பதினொன்றையும் மன்னித்துவிட்டாள்.

மறுநாள் புத்தகத்தில் இருந்த எண்ணுக்குப் பாஞ்சாலி அம்மா போன் செய்தார்.

"சார், ஆட்டுப் புத்தகம் எழுதினது நீங்கதானா?"

"ஆமாம்மா." ஏழாண்டில் வந்த முதல் வாசகர் அழைப்பு அது. குரலைக் கொஞ்சம் கனமாக்கிக்கொண்டேன்.

"கதவாண்ட யார் சார் நின்னாங்க?"

நான் செய்ததை இந்த மேடையில் மறைக்க விரும்பவில்லை. "அதை வாசகரின் கற்பனைக்கு விட்டிருக்கிறேன்" என்றேன்.

"கற்பனைக்கெல்லாம் விட வேணாம் சார். அஞ்சு மாசமா எம்பொண்ணு என்னைப் பொய்க்காரின்னு நெனச்சிக்கினு இருந்தா. யாருன்னு நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க."

அப்போதுதான் நான் என் புத்தகத்தைத் திறந்து பார்த்தேன். பைண்டிங்கில் கடைசிப் பதினாறு பக்கங்களைச் சேர்க்காமலே தைத்திருக்கிறார்கள். ஒரு பிரதியில் அல்ல. முந்நூறு பிரதியிலும்! டேரிலிடம் ஓடினேன். "ஏழு வருஷத்துல ஒரு கம்ப்ளைன்ட் வரல சார். பைண்டிங் நல்லா வந்திருக்குதுன்னு நெனச்சேன்" என்றார். கையெழுத்துப் பிரதி எங்கே என்றேன். மழையில் போய்விட்டது என்றார்.

இல்லாத முடிவைக் காணவில்லை என்று கேட்டது யார்? செதுக்கிய முடிவு என்று சான்றளித்த விருதுக்குழு கேட்டதா? கண் பனித்த தலைவர் கேட்டாரா? அய்யா தலையாட்டுகிறார், கேட்கவில்லை என்றுதான் பொருள். பரிசு பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் கேட்டார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதிய நான் கேட்டேனா? கையெழுத்துப் போட முதல் பக்கமே போதுமாக இருந்தது, பெரியோர்களே! முடிவு வேண்டும் என்று முந்நூறு பிரதிகளில் ஒரே ஒரு பிரதிக்காரிதான் கேட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. அன்று மாலை வீட்டுக் கூடத்தில் இருந்த பாராட்டுப் பத்திரத்தைக் கழற்றினேன். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

ஒரு சிக்கல் மிஞ்சியது. கதவருகே யாரை நிறுத்தினேன் என்பது எனக்கே மறந்துவிட்டது. உட்கார்ந்து புதிதாக எழுதினேன். போனில் படித்துக் காட்டினேன். "இது ஆடு செய்யாது அங்கிள்" என்றாள் சிந்து. மறுபடி எழுதினேன். "இது சும்மா முடிக்கணும்னு முடிச்சது" என்றாள். அந்த இலக்கிய அமைப்பில் இப்படி ஒருவர் இருந்திருக்கலாம். மூன்றாம் முறை எழுதியதை எடுத்துக்கொண்டு ஆஸ்டின் டவுனுக்கு நேரிலேயே போனேன்.

நான் வாசிக்கக் கண்ணாடியை மாட்டினேன். சிந்து கை நீட்டித் தாள்களை வாங்கிக்கொண்டாள். "நான் படிக்கிறேன். அம்மா, நீ உக்காரு" என்றாள். பாஞ்சாலி அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். சுவரில் சாய்ந்து, கால்களை நீட்டி உட்கார்ந்தார். மகள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். கதவருகே நின்றது யார் என்று வந்தபோது அம்மா சிரித்தார். பதினான்காம் பக்கத்தில் அவருடைய கண்கள் சொக்கத் தொடங்கின. சிந்து ஓரக்கண்ணால் அம்மாவைப் பார்த்தாள். அடுத்து ஒரு பத்தி முழுக்க என் சூரிய அஸ்தமனம் இருந்தது. அவள் குரலை மாற்றாமல், நிறுத்தாமல், அந்தப் பத்தியை அப்படியே தாண்டிக் கதைக்குப் போய்விட்டாள்.

எழுதியவன் நான். தாண்டியது எனக்குத் தெரியும். அவளும் நானும் ஒரு நொடி பார்த்துக்கொண்டோம். அம்மா தூங்குவதற்குள் கதை முடிந்துவிட்டது.

பெற்றோர்களே! வாசிப்பை வளர்ப்பது எப்படி என்று என்னைக் கேட்டீர்கள். உலை கொதிக்கும்போது இரண்டு பக்கம் படித்துக் காட்டுங்கள். அலுப்பாக இருந்தால் வர்ணனையை விட்டுவிடுங்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பிள்ளை உங்களைச் சந்தேகப்பட்டால் மனம் நோகாதீர்கள், ஞாயிறு பத்து மணிக்கு அனுப்பிவையுங்கள். அதற்கு மேல் எனக்குத் தெரியாது என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

என்ன? பின்வரிசையில் யாரோ கேட்கிறார்கள். இன்னும் நாலைந்து பேர் கேட்கிறார்கள். "கதவாண்ட யாரு சார்?" என்கிறீர்கள். ஏழாண்டு காத்திருந்தேன், தோழர்களே, இந்தக் கேள்விக்காக! அந்தப் பதினாறு பக்கங்களையும் டேரில் தம் செலவில் அச்சிட்டு வாசல் மேசையில் வைத்திருக்கிறார். அங்கே சிந்து உட்கார்ந்திருக்கிறாள். நான் இங்கே சொல்லாத அறுபத்து மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியைச் சொல்கிறவர்களுக்கு மட்டும் தருவாள். தலைவர் அவர்களுக்கும் அதே விதிதான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். நான் சிபாரிசு செய்து பார்த்தேன், பலிக்கவில்லை.

என் புத்தகத்தை முதன்முதலாகப் படித்து முடித்த பாஞ்சாலி அம்மாவுக்கும், முடியவில்லை என்று முதன்முதலாகக் கண்டுபிடித்த சிந்துவுக்கும், முடிக்கும்வரை பொறுத்த உங்களுக்கும், ஒரே ஒரு முறை மட்டும் குறுக்கிட்ட ரயிலுக்கும் நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன். கேசரி தயார் என்று சைகை வருகிறது. வணக்கம்.