படகின் பின்கம்பி

நான் கையச் சொறியிறத வச்சு பயப்படுறேன்னு நெனச்சுக்காதீங்க சார். ஃபைபர் வேலை பாக்குறவன் எல்லாருக்கும் இந்த அரிப்பு உண்டு. கண்ணாடி நாரு தோலுக்குள்ள ஏறிடும், தேங்காண்ணெ தேச்சுக் குளிச்சாலும் போவாது. என் துணிய எங்க வூட்டுல தனியாத்தான் தொவைப்பாங்க. நீங்க கேளுங்க, நான் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

பேரு சாமிக்கண்ணு. பெரம்பலூர்ல துறையூர் ரோட்டுல பட்டறை வச்சிருக்கேன். பாத்ரூம் கதவு, பஸ் பம்பர், ஓட்டை விழுந்த தண்ணித் தொட்டி, கல்யாண மண்டபத்து வாசல்ல நிக்கிற யானை, எது வந்தாலும் பாப்பேன். நான் ஒட்டுப் போட்ட எடத்தக் கையால தடவிப் பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இதப் பெருமைக்குச் சொல்லல. பின்னால இது தேவைப்படும், அதான் இப்பவே சொல்லி வைக்கிறேன்.

முத்துவேலு எனக்கு மாப்ள. என் தங்கச்சி மணிமொழியக் கட்டுனவன். நல்ல பையன்தான், ஆனா நாலு பேரு பாக்கணும் அவனுக்கு. அரியலூர்லேர்ந்து விக்கிரமங்கலம் போற வழியில சுண்ணாம்புக்கல் வெட்டிட்டு விட்ட பள்ளம் ஒண்ணு கெடக்கு. மழைத்தண்ணி நெறஞ்சு பச்சையா நிக்கும். சரிவான கரையே கெடையாது, கால வச்சா நேரா ஆழந்தான். அதுல போட் விடுறேன்னு சொல்லி, பாண்டிச்சேரியிலேர்ந்து பழைய ஸ்பீடு போட் ஒண்ண லாரியில ஏத்திக்கிட்டு வந்துட்டான். முழுசும் ஃபைபர். ஆசையாத்தான் இருந்துச்சு பாக்க.

போட்டுக்குப் பின்பக்கம் புடிச்சுக்கிட்டு நிக்க ஒரு கம்பி வேணும்னு நெனச்சிருக்கான். வூட்டுல ஃபைபர்காரன் மச்சான் ஒருத்தன் இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. லாரிக்கு பாடி கட்டுற மதுரைவீரன்கிட்ட குடுத்துட்டான். மதுரைவீரன் சிமெண்டு லாரிக்குப் போடுற மாதிரியே போட்டான். லாரியில பலகையும் ஆங்கிளும் இருக்கும், எங்க தொளை போட்டாலும் ஸ்க்ரூ கடிச்சு நிக்கும். ஃபைபர் அப்படி இல்ல சார். அது வெறும் ஓடு. உள்பக்கம் ஒரு தகடு வச்சு, நட்டு போல்ட்டு போட்டு ரெண்டு பக்கமும் கவ்வணும். அவன் வெளியிலேர்ந்து ஸ்க்ரூவ முறுக்கிட்டுப் போயிட்டான். அதுல தப்பு சொல்ல முடியாது, அவனுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்.

எங்க பக்கம் புது வண்டி எறக்குனா ஒரு வழக்கம் இருக்கு. பூசை முடிஞ்சதும் முதல் துண்டு பொண்டாட்டியோட கூடப்பொறந்தவனுக்குத்தான் போடணும். டிராக்டரோ, கதிரறுக்குற மிசினோ, மச்சான் தோள்ல துண்டு விழுந்தப்புறந்தான் மத்தவனுக்கு. போட்டும் வண்டிதானே. நான் வெள்ளச் சட்டை போட்டுக்கிட்டு முன்னாலயே போய் நிக்கிறேன். முத்துவேலு துண்டப் பிரிச்சான், என்னத் தாண்டிப் போயி மதுரைவீரன் தோள்ல போட்டான். எனக்கு மூணாவதாவோ நாலாவதாவோ வந்துச்சு. மணிமொழி என்னையே பாத்துக்கிட்டு நின்னா, அவ மூஞ்சில ஈயாடல. சாப்பிட்டுப் போங்க மச்சான்னு இவன் சொன்னான். சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன். எனக்கு அதுல கோவம் ஒண்ணும் இல்ல. இத ஏன் சொல்றேன்னா, வெளியில நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க.

ஆடி பொறக்குறதுக்குள்ள கம்பி ஆட ஆரம்பிச்சுட்டு. முத்துவேலு போன் பண்ணுனான். “மச்சான், நீங்கதான் வந்து பாக்கணும்”னான். நான் அப்பவே தகட்ட அளவா வெட்டி, போல்ட்டு, வாசர் எல்லாம் பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன். முழுசா சரி பண்ணணும்னுதான் போனேன், அத நீங்க நம்பணும். போய்ப் பாத்தா தொளை எல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு இருக்கு. பின்பக்கத்துப் பெட்டியப் பிரிச்சு உள்ள கை விட்டாத்தான் தகடு வைக்க முடியும். ஒரு நாள் வேலை.

பெட்டியில கை வச்சேன். முத்துவேலு, “அதெல்லாம் பிரிக்க வேணாம் மச்சான், மதுரைவீரன் போட்டது சுத்தமான வேலை. மேலாக்க ஆடுது, நீங்க கொஞ்சம் பூசி மட்டும் விடுங்க”ன்னான்.

பூசி மட்டும் விடுங்க. அவ்வளவுதான் சார் அவன் சொன்னது.

பட்டறைக்காரனுங்க நாங்க. ஒருத்தன் போட்ட வேலையில இன்னொருத்தன் கைய வைக்க மாட்டோம். அது தொழில் மரியாதை. நானும் வைக்கல. தொளையில பட்டி அடைச்சேன், அதே ஸ்க்ரூவ அதே எடத்துல எறக்குனேன். மேல வெள்ளப் பூச்சு குடுத்து, ஈரம் போட்டுத் தேச்சு, பாலிஷ் ஏத்துனேன். ஆட்டம் நின்னுபோச்சு. பட்டி காய்ஞ்சா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் நிக்கும். ஆளு பாரம் சாஞ்சா நிக்காது. பையில கொண்டுபோன தகட்ட அப்படியே திருப்பி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

அவன் விழணும்னு நெனச்சியான்னு கேக்குறீங்க. நெனச்சேன். ஆளுங்க வந்தா அந்தக் கம்பியில முதுகச் சாச்சு, கையத் தூக்கி ஆட்டுறது அவன் பழக்கம். லைஃப் ஜாக்கெட்டு போட மாட்டான், சட்டை கசங்கிடும்பான். நீச்சலும் தெரியாது. நாலு பேரு முன்னால ரெண்டு வாய் தண்ணி குடிச்சான்னா, யாரு வேலை சுத்தம்னு அவனுக்கே புரிஞ்சிடும். யாராச்சும் கயிறு போட்டுத் தூக்கிடுவாங்கன்னு இருந்தேன். தூக்கலன்னா என்ன ஆவும்னு நெனைக்கலியான்னா, அதையும் கொஞ்சம் நெனச்சேன். பாலிஷ் போடுறப்ப மனசுல என்னென்னமோ ஓடும் சார், எல்லாத்தையும் கணக்குல எடுத்துக்க முடியாது.

ஆடிப்பெருக்கு அன்னிக்குப் பள்ளத்துக்கிட்ட திருவிழாக் கூட்டம். நான் பூசிட்டு வந்ததுலேர்ந்து போட்டத் தண்ணியில விடாம வச்சிருந்த முத்துவேலு, அன்னிக்குத்தான் அய்யரக் கூப்பிட்டு மறுபடியும் பூசை போட்டு எறக்குனான். அன்னிக்கு அவன் செஞ்சது நானே எதிர்பாக்காதது. துண்ட எடுத்தான், கூட்டத்த வெலக்கிக்கிட்டு நேரா என்கிட்ட வந்தான், என் தோள்ல போட்டான். “போட்டப் புதுசாக்கிக் குடுத்தது எங்க மச்சான்தாங்க, பின்னால பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு”ன்னு மைக்குல சொன்னான். ஆளாளுக்குப் போயி பின்பக்கத்தத் தடவிப் பாத்தாங்க. மதுரைவீரனும் தடவிப் பாத்தான். வயிறு குளுந்து போச்சு சார். பொய் சொல்ல மாட்டேன், என் ஆயுசுல அப்படி ஒரு நிமிசம் வந்ததில்ல.

அப்புறந்தான் மணிமொழி போட்டுல ஏறுனா. ஆடிப்பெருக்குக்குத் தண்ணியில காதோல கருகமணி விடணும்ல, அத நடுத்தண்ணியில விடுறேன்னு தட்டத் தூக்கிக்கிட்டு ஏறிட்டா. பட்டுப்பொடவ கட்டியிருந்தா, லைஃப் ஜாக்கெட்டு வேணாம்னுட்டா. முத்துவேலு ஸ்டீரிங்ல ஒக்காந்துட்டான், ஓட்டுறவன் வரல. அப்ப பின்னால நிக்கப்போறது அவ ஒருத்திதான்.

நான் கரை ஓரத்துல நிக்கிறேன். கைக்கு எட்டுற தூரம். இன்னும் கயித்த அவுக்கல. அவ கம்பியப் புடிச்சுக்கிட்டு என்னத் திரும்பிப் பாத்தா. சின்னப்புள்ளையிலேர்ந்து எதக் கேக்கணும்னாலும் என்னத்தான் கேப்பா.

“அண்ணே, சாஞ்சுக்கிட்டா இது ஆடாதுல்ல?”ன்னா.

சுத்தி அத்தன சனம். அப்பத்தான் எல்லாரும் தடவிப் பாத்துட்டு நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. மதுரைவீரன் என் பக்கத்துலயே நிக்கிறான். எறங்கு, இது தாங்காதுன்னு எந்த வாயால சொல்றது.

“ஆடாதும்மா”ன்னேன்.

அது பொய் இல்ல சார். ஆடவே இல்ல. நடுவுல போயி, தட்ட எடுத்துக்கிட்டுக் குனிஞ்சு பாரத்தப் போட்டா, கம்பி மொத்தமா ஒரே இழுப்புல வந்துட்டு. தட்டும் அவளும் ஒண்ணாப் போனாங்க. போட்டு வேகத்துல முன்னால ஓடிட்டு, முத்துவேலு திருப்பிக்கிட்டு வர்றதுக்குள்ள மேல பூ மட்டுந்தான் மெதந்துச்சு. ஃபயர் சர்வீஸ்காரங்க பொழுது சாயத்தான் தூக்குனாங்க. பட்டுப்பொடவ நனைஞ்சா என்னா கனம் கனக்குதுங்கறீங்க, நானும் ஒரு பக்கம் புடிச்சேன்.

முத்துவேலு யாரையும் குத்தம் சொல்லல. என் மடியில தலைய வச்சுக்கிட்டு, மச்சான் மச்சான்னு அழுதுக்கிட்டே கெடக்கான். நீங்களும் விபத்துன்னு எழுதி முடிச்சிட்டீங்க. நான் வந்திருக்கவே வேண்டியதில்ல, எனக்குத் தெரியும். மதுரைவீரன் பாவம், எல்லாம் தன்னாலதான்னு சொல்லிட்டுத் திரியிறான், அவன் மேலயும் கேஸு வேணாம்.

ஆனா பேப்பர்ல என்ன போட்டிருக்கான் பாத்தீங்களா. ஃபைபர் ஒடஞ்சு பெண் பலின்னு போட்டிருக்கான். டீக்கடையில நாலு பேரு சத்தமா படிக்கிறானுங்க. எனக்கு ரெண்டு நாளா சோறு எறங்கல, அதான் கெளம்பி வந்தேன். நான் சொன்னதெல்லாத்தையும் எழுதிக்குங்க, கையெழுத்துப் போடுறேன். அந்த ஒரு வரிய மட்டும் மாத்திடச் சொல்லுங்க. போட்டு ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கிது, நீங்களே எந்திரிச்சு வந்து பாருங்க. பிடுங்கிக்கிட்டு வந்தது ஸ்க்ரூ. என் பூச்சுல ஒரு கீறல்கூட இல்ல.