எனக்குக் காட்டாத படம்

ஹலோ... ஹலோ, அண்ணே? நான்தான், தனுஷிகா... ஆமா, லயத்து வீட்டுல இருந்துதான்... அம்மா கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க... சாப்புட்டேன், சாப்புட்டேன். அத விடு. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நேத்து உன் மெடிக்கல் கெம்பஸ்ல என் மூளைப் படத்தத் தெரையில போட்டுக் காட்டுனியாமே?

யாரு சொன்னா என்ன?... சரி, சண்முகவடிவு. என்கூடப் படிச்சவதான். நர்ஸ் ட்ரெய்னிங்ல இருக்கால்ல, அந்தப் புள்ளைங்களயும் அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க... ஆமா... ஆமா, பேர் சொல்லலதான். "லிந்துலப் பக்கத்துத் தோட்டத்துப் புள்ள, சோறு இருந்தும் சாப்புடாமப் பட்டினி கெடந்து, ஸ்கூல் மேடையில ஆடுறப்ப மயங்கி விழுந்தா"ன்னு சொன்னல்ல? என்னைத் தூக்கி விட்டவளே அவதான்!

அதுகூடப் போகட்டும்ணே... குறுக்க பேசாத. கேளு. அன்னைக்கு என் மூளைய ஸ்கேன் எடுத்துட்டு வெளிய வந்தப்ப என்ன சொன்ன? "ஒன்னுமே இல்ல, எல்லாம் சரியா இருக்கு, இனி நீ மனசு வச்சு சாப்புடணும்"னு சொன்ன. சொன்னியா இல்லியா?... ம். அப்ப அங்க அத்தன பேருக்கு என்ன சொன்ன? மூளையில ஒரு எடத்தையும் இன்னொரு எடத்தையும் இணைக்கிற நரம்புப் பாதையெல்லாம் மாறியிருக்குன்னு!

பயந்துருவேன்னா?... அண்ணே, நான் பயப்படாத நாள் எது? ரொட்டியக் கையில எடுத்தாலே திரும்பத் தட்டுலயே வச்சிடுறேன். அப்பா, அம்மா ரெண்டு பேரும் "டாக்டருக்குப் படிக்கிறவனே ஒன்னுமில்லன்னுட்டான், இவளுக்குப் புடிவாதம்"னு திட்டுறாங்க. நானும் அதத்தான் நம்புனேன். எனக்குத்தான் கொழுப்புன்னு... அழல. அழலங்கிறேன்ல!

அங்க கைதட்டுனாங்களாமே?... இல்ல, சும்மா கேட்டேன், டாக்டரய்யா.

சரி. அவங்களுக்குச் சொன்னத இப்ப எனக்குச் சொல்லு... ம்... ம்... நார் நாரா... அது வழியாத்தான் ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்குச் செய்தி போகுதா?... மெதுவாச் சொல்லு. மாறியிருக்குன்னா அறுந்துபோச்சா?... அறுகல. சரி... பட்டினியால வந்ததா, முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சா?... அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியாதா... ம். ஒடம்பு தேறுனா?... கொஞ்சப் பேருக்குத் திரும்புதா... எனக்கு?

அண்ணே?... எனக்குத் திரும்புமா, திரும்பாதா?... தெரியாதா.

இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல. தெரியாதுன்னு சொல்ல எவ்வளவு நேரம் ஆவும்?... மன்னிப்பெல்லாம் வேணாம்... வேணாங்கிறேன்...

வெள்ளிக்கிழமையா? வா, வீட்டுக்கு வா. ஒன்னுமில்லன்னு நீ சொன்னது பொய்னு அம்மா அப்பாகிட்ட நீயே உன் வாயால சொல்லு... ஆமா, நீதான். நான் சொன்னா நம்ப மாட்டாங்க.

ஆனா அடுத்த தடவ என்கூட கிளினிக்குக்கு நீ வராத... என்ன "எப்படி"? இவ்வளவு நாளும் பெரிய டாக்டரம்மா சிங்களத்துல சொன்னத நீதானே எனக்குத் தமிழ்ல சொன்ன. அதுல எத எத விட்டியோ... இல்லண்ணே, இனி நானே பேசிக்கிறேன்... வரும், எனக்கும் சிங்களம் கொஞ்சம் வரும். ஒடச்சு ஒடச்சுப் பேசுவேன். புரியலன்னா இன்னொரு தடவ கேப்பேன். அந்தம்மா சொல்லுவாங்க...

இல்ல. வெளிய வாசல்லகூட நீ நிக்காத... வைக்கிறேன்.