ஒரே கேபிள்ல ரெண்டு மாஸ்டர்

முதல்ல ஒரு சின்ன திருத்தம். நேத்து என் ஐடியிலேருந்து எங்க அண்ணன் இந்த பழைய கம்ப்யூட்டர் குரூப்ல ஒரு பதிவு போட்டிருக்காரு. அதுல என்னப் பத்தி "சிப்ப மாத்தி வச்சு ஏமாத்திட்டான்"னு எழுதியிருக்காரு. அது சிப் இல்ல, ஜம்பர். அரிசி சைஸுல ஒரு பிளாஸ்டிக் மூடி, உள்ள துளியூண்டு தகடு, அவ்ளோதான். அண்ணனுக்கு மவுஸே ஒழுங்கா புடிக்க வராது, அதனால தப்பா எழுதினது பெரிய விஷயமில்ல. மத்தபடி அவர் எழுதினது சரிதான். ஏன்னு மட்டும் எழுதல. நீங்க பழைய மெஷின்னா என்னன்னு தெரிஞ்சவங்க. அதனால உங்ககிட்ட சொல்றேன்.

வீட்ல அண்ணன், அண்ணி, நான். மாடி ரூம் எனக்கு. அதுல இருந்த மெஷினெல்லாம் போட்டோவுல பாத்திருப்பீங்க. எல்லாமே செத்துப் போய் வந்தது, நான் உக்காந்து எழுப்பினது. மெமரிய ரப்பர் வச்சு தேச்சாத்தான் ஒண்ணு கண்ணு முழிக்கும். ஒண்ணோட ஃபேன் நிக்காம கத்தும், அதுக்கு மாமியார்னு பேரு. நான் ஸ்கூல் படிக்கறப்ப முதமுதல்ல சேத்து ஓட்டினது கெழவன்.

அண்ணி வாசல்ல நின்னு மூக்கப் பொத்திக்குவாங்க. "என்ன தம்பி, ரூமா இது, சுடுகாடா? உனக்கு பொண்ணு குடுக்க வர்றவங்களுக்கு இந்த பொணத்தையெல்லாமா வரிசையா காட்டறது?" அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பாரு. நானும் கூட சேந்து சிரிச்சிருக்கேன்.

ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்தா, ரூம்ல என் செருப்பு சத்தம் எனக்கே எதிரொலிச்சுது. தரை கழுவி விட்டிருந்துச்சு. "பாத்தியா, எவ்ளோ காத்து வருது"ன்னாங்க அண்ணி. பழைய இரும்புக்கடைக்காரர் வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டாராம். பதிலுக்கு ஒரு பச்ச பிளாஸ்டிக் பக்கெட் குடுத்தாராம். பக்கெட் பாத்ரூம்ல இருந்துச்சு. கெழவனுக்கும் மாமியாருக்கும் மத்த எல்லாத்துக்கும் சேத்து ஒரு பக்கெட். அன்னைலேருந்து தெனமும் காலைல அதுலேருந்துதான் தண்ணி மொண்டு குளிக்கறேன்.

நான் கத்தல. கடைக்கு ஓடினேன். சுத்தியலால தட்டி, செம்பு தனி, அலுமினியம் தனின்னு பிரிச்சிட்டிருந்தாங்க. கெழவனோட போர்டு ரெண்டா கெடந்துச்சு. முழுசா இருந்தது ஒண்ணே ஒண்ணு, அண்ணன் கல்யாணமான புதுசுல வாங்கின வீட்டு கம்ப்யூட்டர். அத அங்கயே தெறந்து ஹார்ட் டிஸ்க்க மட்டும் கழட்டிட்டு வந்தேன்.

அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். பட்டாணி வீடியோ. பட்டாணின்னா அண்ணன் பொண்ணு. மூணு வயசுல ஒரு காய்ச்சல்ல போயிடுச்சு. அப்ப எடுத்ததெல்லாம் கேமராவுலேருந்து அந்த கம்ப்யூட்டருக்குத்தான் போச்சு, வேற எங்கயும் இல்ல. அப்புறம் அண்ணி அத ஆன் பண்ணவே இல்ல. மேல என் ரூமுக்கு தூக்கச் சொன்னாங்க, அதோட மறந்துட்டாங்க. காப்பி எடுக்கலையான்னு நேத்து சிலர் திட்டியிருக்கீங்க. எடுக்கல. எடுடான்னு ஒருத்தரும் கேக்கல. எதத் தூக்கிப் போடறோம்னு பாக்காம போட்டது யாரு? நானா?

பட்டாணி பொறந்தநாள் அன்னைக்குத்தான் அண்ணிக்கு ஒறச்சுது. மாடிக்கு வந்தாங்க. எப்பவும் தள்ளிட்டு வர்ற கதவ அன்னைக்குத் தட்டினாங்க. "தம்பி, அந்த பழைய கம்ப்யூட்டரு... அதுவுமா போச்சு?"

டிராயரத் தெறந்து டிஸ்க்க எடுத்து குடுத்தேன். ரெண்டு கையாலயும் வாங்கி நெஞ்சோட வச்சிக்கிட்டாங்க. அந்த இடத்துல நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. என் மெஷினுக்காக அவங்க மொகம் ஒரு தடவ கூட இப்படி ஆகல, அதான் எனக்குத் தோணிச்சு.

அதுக்குள்ள நான் வேற ஒரு மெஷின தேத்தி வச்சிருந்தேன். புதுசா சேந்தவங்களுக்காக சொல்றேன்: பழைய மெஷின்ல ஒரே பட்டை கேபிள்ல ரெண்டு டிஸ்க் மாட்டலாம். ஒண்ணு மாஸ்டர், இன்னொண்ணு ஸ்லேவ். எது எதுன்னு ஜம்பர்தான் சொல்லும். ரெண்டையும் மாஸ்டர்ல வச்சா, ஒரே வீட்ல ரெண்டு பேரு நான்தான் பெரியவன்னு உக்காந்த மாதிரி, பல மெஷின்ல ரெண்டுமே தெரியாது. என் டிஸ்க் மாஸ்டர். பட்டாணி டிஸ்கையும் மாஸ்டர்லயே விட்டேன். ஆன் பண்ணேன். ஒண்ணும் வரல.

"பாருங்க அண்ணி, காட்டல. கடைல தூக்கிப் போட்டாங்கல்ல, அந்த அதிர்வுல டிஸ்க்கோட அடிப்பக்க போர்டு போயிருக்கும். அச்சு அசல் இதே மாடல் டிஸ்க் ஒண்ணு கெடச்சா அந்த போர்ட கழட்டி இதுல போட்டுப் பாக்கலாம்."

அப்படி ஒரு வழி இருக்கறது உண்மை. நம்மள்ல பாதிப் பேரு பண்ணியிருக்கோம். பொய் சொன்னேன்னு அண்ணன் எழுதியிருக்காரு, முழுப் பொய் இல்ல.

அப்புறம் அண்ணி தேட ஆரம்பிச்சாங்க. ஊர்ல ஒரு இரும்புக்கடை விடல. குவியல்ல வெறுங்கைய விட்டு கிளறுவாங்க. லீவு நாள்ல நானும் தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டு கூடப் போவேன். கடைக்காரர் கேலி பண்ணுவாரு, "என்னக்கா, இன்னைக்கும் டிஸ்கா? பேசாம கடையவே வாங்கிடுங்க, கல்லாவுல நான் உக்காந்துக்கறேன்." கை கிழிஞ்சா நான்தான் மருந்து போட்டுவிடுவேன். கொண்டு வர்ற டிஸ்கயெல்லாம் பாத்து, "மாடல் சரி அண்ணி, போர்டு நம்பர் வேற"ன்னு சொல்லுவேன். அது பெரும்பாலும் நிஜமாவே வேறதான்.

உள்ளதச் சொல்றேன், அந்த மாசங்கள் நல்லா இருந்துச்சு. டீ ரூமுக்கே வந்துச்சு. அண்ணி பக்கத்துல உக்காந்து ஸ்க்ரூ புடிச்சாங்க. லேபிள் படிக்கக் கத்துக்கிட்டாங்க. எது ரேம், எது கார்டுன்னு தெரிஞ்சுக்கிட்டாங்க. சுடுகாடுங்கற வார்த்த அவங்க வாயில வரவே இல்ல. ராத்திரி தூங்கறதில்லன்னு அண்ணன் சொன்னாரு. "நானே தூக்கிக் குடுத்துட்டேனே"ன்னு சுவத்தப் பாத்து பேசறாங்களாம். நான் என்ன பண்ண முடியும். குடுத்தது நெஜந்தானே.

ஒரு நாள் சரியான போர்டு வந்துடுச்சு. நம்பர், ரெவிஷன், எல்லாம் அச்சா அதே. அண்ணி சிரிக்கறாங்க, அழறாங்க. இனிமே சாக்கு சொல்ல முடியாது. நான் அவங்களுக்கு ஒரு சான்ஸ் குடுத்தேன். யாரும் இத எழுத மாட்டாங்க, அதனால நானே எழுதறேன். அமைதியாத்தான் கேட்டேன். "அண்ணி, என் மெஷினெல்லாம் போனதுக்கு என்கிட்ட ஏதாவது சொல்லணும்னு தோணுதா?"

அவங்களுக்குப் புரியவே இல்ல. "அது இரும்புதான தம்பி. என் புள்ளயா அது?"

"சரி அண்ணி, நாளைக்கு சாயங்காலம் மாட்டிடலாம்"னேன்.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொன்னேன். அண்ணி மளிகைக் கடைக்குப் போயிருந்தாங்க. ஜம்பர ஸ்லேவுக்கு மாத்தினேன். டிஸ்க் ஒடனே வந்துச்சு. ஒரே ஒரு வீடியோ பாத்தேன். நான் கெழவன் முன்னாடி உக்காந்திருக்கேன், பட்டாணி என் மடியில. கீபோர்ட தட்டிட்டு, "சித்தா, இது தூங்குதா?"ங்குது. "ஆமா, எழுப்பாத"ங்கறேன். "நான் பாட்டு பாடினா எழுந்திருக்குமா?"ன்னு கேட்டுட்டு, பாடுது. முழுசா பாத்தேன். அப்புறம் டிஸ்க்ல இருந்ததெல்லாம் அழியற மாதிரி, முழுக்க சைபர் எழுத விட்டேன். ரெகவரி போட்டுப் பாக்கலாமேன்னு கேக்கறவங்களுக்கு, முழுசா சைபர் எழுதினா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். அது முடியறவரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். முடிஞ்சதும் ஜம்பர பழையபடி மாஸ்டர்ல வச்சேன்.

சாயங்காலம் போர்ட மாத்தற மாதிரி மாத்தி, ஜம்பரையும் நகத்தி, "டிஸ்க் வந்துடுச்சு அண்ணி, ஆனா அன்னைக்கு விழுந்த அடியில உள்ள இருந்ததெல்லாம் போயிடுச்சு"ன்னு சொல்றதாத்தான் இருந்தேன். சின்ன ஸ்க்ரூ டிரைவர கீழ் வீட்ல மறந்து வச்சிட்டேன், எடுக்கப் போனேன். திரும்பி வர்றப்ப அண்ணனும் ரூம்ல இருந்தாரு. அண்ணி ரெண்டு டிஸ்க்கோட லேபிள்ல போட்டிருந்த ஜம்பர் படத்தையும் மாத்தி மாத்தி பாத்துட்டிருந்தாங்க.

"தம்பி, ஒரு டிஸ்க்தான செத்துச்சு? இத்தன நாளா உன் டிஸ்கும் சேந்து ஏன் காட்டல?"

அவங்களே நகத்தால ஜம்பர புடுங்கி பக்கத்துல, ஸ்லேவுக்கு மாத்தினாங்க. பழைய போர்டு அப்படியே இருக்கு. ஆன் பண்ணாங்க. ரெண்டும் வந்துச்சு. தெறந்தா, காலி.

அண்ணன் என் சட்டையப் புடிச்சாரு. அண்ணி அவர் கையத் தள்ளி விட்டாங்க.

"அன்னைக்கே ஓடிச்சா?"

"ஓடிச்சு அண்ணி."

"நீ பாத்தியா?"

"நேத்து... இல்ல, இன்னைக்குத்தான். ஒண்ணு பாத்தேன்."

"என்ன பேசினா?"

சொன்னேன். திரும்பச் சொல்லுன்னாங்க. சொன்னேன். பாட்டு எதுன்னு கேட்டாங்க. அண்ணன் அவங்கள கையப் புடிச்சு இழுத்துட்டுப் போயிட்டாரு. கீழ பெட்டி கட்டற சத்தம் கேட்டுச்சு. ஹால்ல இருந்த கம்ப்யூட்டர்ல என் ஐடி தெறந்து கெடந்திருக்கு. ரெண்டு பேரும் வீட்ட விட்டுப் போறதுக்கு முன்னாடி, அதுலதான் அண்ணன் நீங்க படிச்ச பதிவ போட்டிருக்காரு.

குரூப்ப விட்டு என்னத் தூக்கறதா இருந்தா தூக்கிக்கோங்க. தப்புதான், நான்தான் பண்ணேன், தெரிஞ்சேதான் பண்ணேன். ஆனா ஒண்ணு பாருங்க, எல்லாமே அழிஞ்சு போச்சுன்னு அண்ணன் எழுதியிருக்கறது சரியில்ல. பட்டாணி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும், அந்தப் பாட்டும், எந்த எடத்துல மூச்சு வாங்கிச்சுங்கறது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு மட்டும்தான் இருக்கு. அண்ணி திரும்பி வருவாங்க. வேற எங்க போவாங்க.