கெலவல்லா மணக்குற பனி

...இல்ல மீன்கட நானா, அந்தக் கெலவல்லா மீன அப்பறம் வெட்டலாம், மொதல்ல இந்தப் பெட்டிய ஒருக்கா மோந்து பாருங்க. மோந்து பாருங்கங்கறேன்ல! ...ஆ! இப்ப ஏன் மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்புறீங்க? விடிஞ்சா மீனு, பொழுது போனா மீனுன்னு நிக்கிற ஒங்களுக்கே இப்புடின்னா, மூனு வயசு நாலு வயசுப் புள்ளைங்களுக்கு எப்புடி இருந்திருக்கும்?

என்னையத் தெரியலையா? நேத்துக் காலையில இதே ரிஜிபோம் பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தேனே! இராஜகுமாரி டீச்சர். மேல, மேட்டுல இருக்குதே நேர்சரி, அங்க. நல்ல ஐஸ்ஸா குடுங்க நானான்னு கேட்டேன். நீங்களும் தலைய ஆட்டி ஆட்டி அள்ளிப் போட்டீங்க. மீன் வைக்கக் கேக்குறேன்னு நெனச்சிட்டீங்களாக்கும். ஏன் நானா, நேர்சரி டீச்சர் பெட்டி நெறைய மீன வச்சிக்கிட்டு என்னா செய்யிறது? புள்ளைங்களுக்கு ஆனா ஆவன்னாவுக்குப் பதிலா சாளை, சூடைன்னா சொல்லிக் குடுக்கப் போறேன்?

பனிக்கு நானா, பனிக்கு! ...சிரிக்காதீங்க. சிரிப்பா வருதா? எனக்கு அழுக வருது.

எங்க பெரிய மிஸ் இருக்காங்களே, நிலூஷா மிஸ், நேர்சரி அவங்களுதுதான். தங்கமான மனுசி, கொற சொல்ல வாய் வராது. ஆனா கனடாவுல மக வீட்டுக்குப் போயிக் கொஞ்ச நாள் இருந்துட்டு வந்தாங்க பாருங்க, வந்த நாளையில இருந்து அவங்களுக்குக் கண்டி சுடுது. எப்பப் பாத்தாலும் விசிறிக்கிட்டே இருக்காங்க. அங்க ஒரு நேர்சரியில ‘விண்டர் வீக்’ வச்சாங்களாம். பனிக்கால வாரம். வெள்ளப் பஞ்சுல பொம்ம, பனிக்கட்டிக்குள்ள வெளையாட்டுச் சாமான், அது இதுன்னு. அதுலயும் எல்லாப் புள்ளையும் சேந்து செய்யிறதாம். கண்ணு தெரியாத புள்ள, காது கேக்காத புள்ள, ஒரு எடத்துல ஒக்காராத புள்ள, ஒன்னையும் ஓரத்துல வைக்கக் கூடாது. ‘நாங்களும் செய்வோம் இராஜகுமாரி’ன்னாங்க.

சேக்குறது நல்ல விசயந்தான் நானா. நான் வேணாங்கல. அதுக்குன்னே ரெண்டு வருசம் டிப்ளோமா படிச்சிட்டு வந்தவ நான். ஆனா பனிக்கு எங்க போறது? கண்டியில என்னா பெரிய பனி? தை மாசத்துல விடியக்காலையில வாயத் தொறந்தா கொஞ்சம் பொக வரும், மூக்கு ஒழுகும், அவ்வளவுதான். ‘மிஸ், மழைக்கால வாரம் வைப்போமே, கொட, தவள, காகிதக் கப்பல், அட்டப்பூச்சி... எல்லாம் நம்மகிட்ட வேணுங்கற மட்டும் இருக்குது, வெலைக்கே வாங்க வேணாம்’னு சொல்லிப் பாத்தேன். கேட்டாத்தானே!

...ம்? அந்த அம்மாவுக்கு என்னா வேணுமாம்? குடுங்க, குடுங்க, நான் நிக்கிறேன். எனக்கு ஒன்னும் அவசரமில்ல. நேர்சரி விட்டாச்சி.

திங்கக்கெழம என்னா நடந்துச்சின்னு கேளுங்க. டிவி வந்த பெட்டியில ஒடையாம இருக்க வச்சிருந்த வெள்ள ரிஜிபோம வெரல் வலிக்க வலிக்க உதுத்து, ஒரு பெரிய பேசன் நெறைய பனி செஞ்சி வச்சேன். பாக்க நெசப் பனி மாதிரியே இருந்துச்சி, எங்கண்ணே பட்டிருக்கும். புள்ளைங்க வட்டமா ஒக்காந்து கைய விடப் போகுதுங்க... பெரிய மிஸ் உள்ள வந்தாங்க. ‘அப்பா, என்னா சூடு’ன்னு ஃபேனப் போட்டாங்க.

அம்புட்டுத்தான்! கனடாவே வந்துருச்சி நானா! தலையில, மூக்குல, காதுக்குள்ள, குடிக்கிற தண்ணியில... அது காத்துல போயி ஒட்டுனா விடவும் மாட்டேங்குது. பாதி சன்னல் வழியா பக்கத்து வீட்டுக்குப் போயிருச்சி. அங்க கைரியா ராத்தா இடியப்ப மாவ வறுத்து, பாயில பரப்பி ஆறப் போட்டிருக்காங்க. ‘டீச்சர், இதுல மாவு எது, ஒங்கட பனி எது, நீங்களே எடுத்துத் தாங்க’ன்னு சுளகக் கொண்டாந்து எங்கையில குடுத்துட்டாங்க. பள்ளிக்கூடம் விட்டு ஒக்காந்து பொடைச்சேன் நானா. அவங்க பிளேன்டீ ஊத்திக் குடுத்தாங்க, அதச் சொல்லணும். அதுலயும் ரெண்டு மெதந்துச்சி.

செவ்வாக்கெழம பஞ்சு. கறுத்த அட்டையில பஞ்ச ஒட்டி ‘பனி எப்புடி இருக்குது, பாருங்க பிள்ளைங்களே, வெள்ளையா இருக்குது’ன்னு சொல்லிக் குடுக்கிறேன். ஜீவன்னு ஒரு புள்ள. வத்தேகமையில இருந்து வாறான். அவனுக்குப் பொறந்ததுல இருந்தே கண்ணு தெரியாது. ஆனா வாய் இருக்குதே, என்னையே மிஞ்சிருவான்... ஏன் அப்புடிப் பாக்குறீங்க? நான் என்னா அவ்வளவா பேசுறேன்?

‘டீச்சர், வெள்ளன்னா எப்புடி?’ன்னு கேட்டான். நானும் யோசிக்காம, ‘பால் மாதிரி ராசா’ன்னு சொல்லிட்டேன். ‘அப்ப பனி சுடுமா?’ங்கறான்! அவனுக்குப் பாலுன்னா அம்மா ஆத்திக் குடுக்குற சுடு பாலு.  

பேச்சு அப்புடி. ஆனா கை வெளிய வராது நானா. ரெண்டு கையையும் கக்கத்துக்குள்ள சொருகிக்கிட்டு மூலையில ஒக்காந்திருப்பான். களிமண்ணா, வேணாம். மணலா, வேணாம். பஞ்சு கன்னத்துல பட்டதுக்கே வீல்லுன்னு கத்துனான். தெரியாத சாமான் கையில பட்டா அவனுக்குப் பயம். பயப்படாம என்னா செய்வான்? நீங்களே கண்ண இறுக்கி மூடிக்கிட்டு அந்த வாளிக்குள்ள கைய வைங்க பாப்போம்... வைக்க மாட்டீங்கள்ல? வாளிக்குள்ள நண்டு கெடக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியும். அவனுக்கு எல்லா வாளியிலயும் நண்டுதான்.

அவங்கம்மா நிரோஷினி. சின்ன வயசு. வத்தேகம பஸ்ஸில நின்னுக்கிட்டே அவனத் தூக்கிக்கிட்டு வரும். உள்ள விட்டுட்டு வாசப் படியிலயே ஒக்காந்துக்கும், மத்தியானம் வரைக்கும். மழையோ வெயிலோ அந்தப் படிதான். அன்னைக்குப் பஞ்சு அட்டைய எல்லாப் புள்ளையும் வீட்டுக்குத் தூக்கிக்கிட்டுப் போகுதுங்க, இவன் கையில ஒன்னுமில்ல. நிரோஷினி என்னைய ஓரமா கூப்புட்டு, ‘டீச்சர், கோவிச்சிக்காதீங்க. எல்லாம் பாக்குறதுக்குத்தானே செய்யிறீங்க, எம்மகன் எங்க பாக்கப் போறான்? இவனக் கொண்டாறத இந்த வாரத்தோட நிப்பாட்டிக்கிறேன்’னுச்சி. கத்தல, அழல. பஸ்ஸு நேரம் கேக்குற மாதிரி சொல்லிட்டுப் போயிருச்சி. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல நானா. என்னைய ரெண்டு ஏசு ஏசியிருந்தாலும் நானும் திருப்பி ரெண்டு சொல்லியிருப்பேன், மனசு ஆறியிருக்கும்.

அதுக்கப்பறந்தான் புத்தியில பட்டுச்சி. பாக்குற பனி வேணாம், தொடுற பனியா குடுப்போம்னு. நேர்சரி பிரிட்ஜுல ஐஸ் தட்டு ஒன்னே ஒன்னு, அதுவும் வெடிச்சது. அதான் ஒங்ககிட்ட ஓடி வந்தேன். வந்து எனக்குக் கெடச்ச மரியாத இது! பெட்டியத் தொறக்குறேன்... அம்மாடி! புள்ளைங்க எல்லாம் மூக்கப் புடிச்சிக்கிட்டு ‘டீச்சர், மீனு! டீச்சர், மீனு!’ சரி, கழுவுவோம்னு கொழாயடிக்குக் கொண்டு போனா... ஏன் நானா, ஐஸக் கழுவிப் பாத்திருக்கீங்களா? கழுவக் கழுவக் கரையுது! நாத்தம் போறதுக்குள்ள ஐஸ் போயிரும் போல. பாதியோட நிப்பாட்டிட்டேன். ரோட்டுல போற பூனையெல்லாம் வந்து வாசல்ல வரிசையா ஒக்காந்துருச்சி. பெரிய மிஸ் என்னான்னா, ‘இராஜகுமாரி, கனடாப் பனியில இந்த வாசம் இல்லையே’ன்னு ரொம்ப மெதுவா சொல்றாங்க.

பேசன்ல கொட்டுனேன். எல்லாம் கூத்தாடுதுங்க. ஜீவன் அவன் மூலையில. அவனுக்குப் பக்கத்துல ஸிபான். அவனுக்குக் காது கேக்காது, மெஷின் போட்டிருக்கான். சத்தம் கூடுனா மெஷினக் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்குவான், அதுக்கப்பறம் நான் நின்னு தொண்ட கிழியக் கத்துனாலும் கேக்காது. நல்ல வசதி! இந்த ரெண்டு பேரும் ஒரே பாயில ஒக்காந்திருந்தாலும் ஒருத்தனுக்கொருத்தன் ஒன்னுமில்ல. இவன் பேசுறது அவனுக்குக் கேக்காது, அவன் கையக் காட்டுறது இவனுக்குத் தெரியாது.

அப்ப ஒரு ஐஸ் கட்டி வழுக்கிக்கிட்டு வந்து ஜீவன் தொடையில விழுந்துச்சி நானா. யாரும் போடல, அதுவா வந்துச்சி. வீல்லுன்னு ஒரு கத்து! நான் ஓடுறேன்... ஓடி வாறதுக்குள்ள, அதத் தள்ளிவுடக் கைய எடுத்தான். கக்கத்துல இருந்து கை வெளிய வந்துருச்சி. தள்ளிவுடப் போனவன் புடிச்சிக்கிட்டான். ‘சுடுது டீச்சர், சுடுது’ங்கறான், ஆனா விட மாட்டேங்குறான்! மூஞ்சிய எப்புடிச் சொல்றது... ஏதோ ஒரு ரகசியத்த யாரோ அவன் காதுல சொல்ற மாதிரி தலையச் சாச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான். எனக்குக் கண்ணெல்லாம் நெறஞ்சி போச்சி. ஆகா, நம்ம படிச்ச படிப்பு வீண் போகலன்னு இருக்கேன்...

திடீர்னு, ‘காணோம்!’னு ஒரு சத்தம். ‘என்னோடது காணோம்! யாரோ எடுத்துட்டாங்க!’

கரைஞ்சிருச்சி நானா. நமக்குக் கண்ணு முன்னாடி சின்னதாகுது, தெரியுது. அவனுக்கு இருந்துச்சி, இல்ல. அவ்வளவுதான். கையால பக்கத்துல தடவிப் பாத்தான், ஸிபான் சட்ட கெடச்சிச்சி. ‘இவன்தான் கள்ளன்!’னு புடிச்சி ஒலுப்புறான். ஸிபானுக்கு இவன் என்னா சொல்றான்னே தெரியல. ரெண்டு கையையும் விரிச்சிக் காட்டுறான், ஒன்னுமில்ல, ஒன்னுமில்லன்னு. யாருக்குக் காட்டுறான்? கண்ணு தெரியாத புள்ளைக்கி! நான் நடுவுல நின்னுக்கிட்டு, ‘கரைஞ்சிருச்சி ராசா’ங்கறேன். ‘எங்க கரைஞ்சிச்சி?’ ‘தண்ணியாப் போச்சிடா.’ ‘தண்ணி எங்க போச்சி?’ ‘பாயில.’ ‘பொய்! இது எப்பவும் இருக்குற பாய்தான்!’

 டிப்ளோமாவுல இது வரல நானா.

சத்தத்தக் கேட்டு நிரோஷினி வாசல்ல வந்து நின்னுருச்சி. பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, கூட்டிக்கிட்டுப் போறதுக்கே வந்துருச்சி. மூஞ்சியப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிருச்சி, வெள்ளிக்கெழம வரைக்குங்கூட இல்ல, இன்னைக்கே முடிஞ்சிதுன்னு.

அப்ப ஸிபான் என்னா செஞ்சான் தெரியுமா? ...நானா, கத்தியக் கொஞ்சம் வைங்க, இத மட்டும் கேளுங்க. எந்திரிச்சிப் போயி பேசன்ல இருந்து ஒரு கட்டிய எடுத்துக்கிட்டு வந்தான். ஜீவன் கைய இழுத்து விரிச்சி அதுக்குள்ள வச்சான். வச்சிட்டு விடல. தன்னோட ரெண்டு கையாலயும் அந்தக் கைய மூடிப் புடிச்சிக்கிட்டு அப்புடியே ஒக்காந்துட்டான். கை செவந்து போச்சி ரெண்டு பேருக்கும். ஜீவன் மொதல்ல உதறப் பாத்தான், அப்பறம் சும்மா இருந்தான். வெரலுக்குள்ள இருந்து தண்ணி சொட்டுது. ஸிபான் அந்தத் தண்ணியத் தொட்டு ஜீவன் கன்னத்துல வச்சான். திரும்ப கைய மூடுனான். கட்டி சின்னதாகச் சின்னதாக அவன் புடியும் சின்னதாகுது. கடைசியில ரெண்டு பேரோட உள்ளங்கையும் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டு இருந்துச்சி. நடுவுல ஒன்னுமில்ல.

‘யாரும் எடுக்கல’ன்னான் ஜீவன். மெதுவாத்தான் சொன்னான். ‘தானாப் போகுது.’

 

நிரோஷினி என்னா செஞ்சிச்சி தெரியுமா? பையக் கீழ வச்சிட்டு, புள்ளைங்க ஒக்கார்ற அந்தக் குட்டிக் கதிரையில வந்து ஒக்காந்துருச்சி. ‘இன்னொன்னு’ங்கறான் ஜீவன், ஸிபான் ஓடிப் போயி எடுத்தாரான். திரும்ப இன்னொன்னு. வத்தேகம பஸ்ஸு போயிருச்சி. அடுத்த பஸ்ஸும் போயிருச்சி. ‘பஸ்ஸு போகுதும்மா’ன்னு நான் சொன்னா, ‘போகட்டும் டீச்சர்’ங்குது.

இன்னைக்கிக் காலையில பாக்குறேன், வாசல்ல ஜீவன் நிக்கிறான், நெஞ்சோட ஒரு எவர்சில்வர் டம்ளர அணைச்சிக்கிட்டு. வீட்டு பிரிட்ஜுல தண்ணி வச்சி உறைய விட்டு, துண்டுல சுத்தி, வத்தேகமையில இருந்து பஸ்ஸில கொண்டாந்திருக்கான், ஸிபானுக்குக் குடுக்கணும்னு. தொறந்து பாத்தா வெறும் தண்ணி. ஐயோ, இனி இங்க ஒரு அழுக வரப் போகுதேன்னு நெனச்சேன். அவன் வெரல உள்ள விட்டுப் பாத்தான். சிரிச்சான் நானா! ‘வழியில யாரும் எடுக்கல டீச்சர்’ங்கறான், ‘நான் புடிச்சிக்கிட்டேதான் வந்தேன்.’ ஸிபான் டம்ளர வாங்கி எட்டிப் பாத்தான். பாதிய அவன் குடிச்சான், பாதிய இவன் குடிச்சான்.

நிப்பாட்டுறதப் பத்தி நிரோஷினி வாயே தொறக்கல. நானும் கேக்கல. கேப்பேனா?

அது கெடக்கட்டும், ஒங்க ஐஸ் விசயத்துக்கு வருவோம். நாளைக்கி வெள்ளிக்கெழம, அம்மா அப்பா எல்லாரும் வர்றாங்க, கைரியா ராத்தாவையும் கூப்புட்டிருக்கேன். நல்ல ஐஸ்ஸா வேணும், மீன் மேல வச்சத வாரிக் குடுக்கக் கூடாது, சரியா? அதோட பெரிய மிஸ் சொல்றாங்க, அடுத்த மாசம் பாலைவன வாரமாம்! ஒட்டகத்துக்கு எங்க போறது நானா? அத நெனச்சா எனக்கு... அட, எங்க எந்திரிச்சிட்டீங்க? ஐஸ் ரூமுக்கா? ஆமா, ஆமா, உள்ளுக்குள்ள இருக்குறதத்தான் கேக்குறேன், போயி எடுத்துக்கிட்டு வாங்க, நான் நிக்கிறேன். ஒட்டகத்துக்கு நான் என்னா யோசிச்சி வச்சிருக்கேன்னா...

நானா? ...எடுத்தாச்சா?

...ஏன் கதவச் சாத்துறீங்க? நானா! அந்தக் குளிருக்குள்ள எவ்வளவு நேரம் நிப்பீங்க?