நாலாம் பாகத்துப் புரூஃபு

செலின் மேரி: “கால்வாய் வெட்டும் வேலைக்கு வில்லியனூரிலிருந்து ஆட்கள் அழைத்து வரப்பட்டார்கள் கமா...”

இன்னாசி: கமாவ அப்பிடி கத்தாதடி. தெரு முழுக்க கேக்குது.

செலின் மேரி: நீங்கதான, புரூஃபுன்னா கமா, புள்ளி எல்லாத்தையும் சொல்லிப் படிக்கணும்னீங்க? “வெட்டிய மண்ணைப் பெண்கள் கூடையில் சுமந்தார்கள் புள்ளி. அவர்களில் ஆண்டாள் என்பவள் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றினாள் புள்ளி.”

இன்னாசி: இரு, இரு. யாரு, எதிர் வூட்டு ஆண்டாளா?

செலின் மேரி: அவ இல்ல. இது எரநூறு வருசத்துக்கு முன்னாடி இருந்தவ... ஏன், தப்பா? அச்சுக்காரன் எதுனா சேத்துட்டானா? அடிச்சிடட்டுமா?

இன்னாசி: வேணாம், இருக்கட்டும். கஞ்சிக்குத் தொட்டுக்க இன்னா குடுத்தாளாம்?

செலின் மேரி: அது... போடல.

இன்னாசி: ஊறுகான்னு சேத்துக்கோ.

செலின் மேரி: போங்க! நகர வரலாறு எழுதற ஆளு பேசற பேச்சா இது? அதுவும் வாத்தியாரா இருந்தவரு.

இன்னாசி: சரி, மேல படி. இன்னும் எவ்ளோ இருக்குது?

செலின் மேரி: ஒரே ஒரு பக்கம். அத்தோட நாலாம் பாகம் முடிஞ்சிது... இன்னாங்க, அரங்கநாதன் நாளைக்கு வர்றாராம்.

இன்னாசி: நம்ம வரலாற்றுக் கமிட்டி செயலாளரா? வரட்டுமே. புரூஃப வாங்கினு போவத்தான?

செலின் மேரி: அதுக்கு இல்ல. புத்தகம் போட்டப்போ வந்த கடுதாசி, போட்டோ, உங்க கையெழுத்துக் கட்டு... எல்லாத்தையும் ஆவணக் காப்பகத்துக்குக் குடுக்கப் போறாங்களாம். வண்டி வெச்சிகினு வர்றாங்க.

இன்னாசி: நல்லதாப் போச்சு. வூட்ல கரப்பாம்பூச்சியாவது கொறையும்.

செலின் மேரி: தமாசு பண்ணாதீங்க. ராவுலேந்து எனக்கு சோறே எறங்கல.

இன்னாசி: ஏண்டி? இன்னா கொழம்பு வெச்ச?

செலின் மேரி: ஐயோ, செத்த சும்மா இருங்களேன்! நாளைக்கு அவரு வந்து இந்தக் கட்டத் தூக்குனா எல்லாம் வெளிய வந்துடும். அதுக்கு முன்னாடி நானே... மாதாவே, எப்பிடி சொல்லுவேன்...

இன்னாசி: சொல்லு.

செலின் மேரி: இது புரூஃபு இல்லீங்க.

இன்னாசி: பின்ன இன்னாது?

செலின் மேரி: நீங்க எழுதன காயிதந்தான். நாலாம் பாகம் வேணாம்னு கமிட்டில நிறுத்திட்டாங்க. ஆபரேசன் பண்ணியும் பார்வை திரும்பலன்னு நீங்க சுவத்தப் பாத்து படுத்துகினு கெடந்தீங்களே, அப்பத்தான் அரங்கநாதன் வந்து சொன்னாரு. நான் எந்த வாயால உங்ககிட்ட சொல்றது? புரூஃபு வந்திருக்குதுன்னுட்டேன். ஒடனே எழுந்து உக்காந்து காப்பி கேட்டீங்க... அப்பால இல்லன்னு எப்பிடிங்க சொல்லுவேன்?

இன்னாசி: அழுவாத.

செலின் மேரி: புரூஃபுன்னா தப்பு இருக்கணும், நீங்க அதத் திருத்தணும். இல்லன்னா உங்க மொகம் வாடிப் போவுமே... அதான் தெனம் ஒண்ணு, நானா சேத்துப் படிச்சேன்.

இன்னாசி: தெரியும்.

செலின் மேரி: இன்னா தெரியும்?

இன்னாசி: அச்சு கோக்கறவன் எழுத்த வுடுவான், தலைகீழா போடுவான். எவனாவது கஞ்சி ஊத்துவானாடி? மொத அத்தியாயத்துலயே கவர்னர் மாளிகைக்குள்ள நம்ம பால்காரன் சாமிக்கண்ணு மாடு பூந்துச்சே...

செலின் மேரி: அது... பேரு ஒண்ணும் ஓடல. வாயில வந்துடுச்சு.

இன்னாசி: அன்னிக்கே தெரிஞ்சிகினேன். போர்வைய இழுத்துப் போத்திகினு சிரிச்சேன்.

செலின் மேரி: அடப்பாவி மனுசா! இருமுறீங்கன்னு நெனச்சி நான் கசாயம் வெச்சிக் குடுத்தேனே! அச்சுல வராதுன்னு தெரிஞ்சிகினேவா இத்தினி நாளா என்னப் படிக்க வெச்சீங்க?

இன்னாசி: எழுவத்திரண்டுலேந்து மூணு பாகம் அச்சுல வந்துச்சு. அதுல ஒரு பக்கம் நீ பிரிச்சிப் பாத்தது கெடையாது, அரிசிப் பானைக்கு முட்டுக் குடுத்த. இத ஒரு வரி வுடாம என் பக்கத்துல உக்காந்து படிச்சிருக்க... அச்சுல வந்திருந்தா இதையுந்தான் தொறந்திருக்க மாட்ட, செலினு.