கூரையைப் பிரிக்கிறேன்

முத்தம்மாள்: மறுபடியும் ஊதிட்டியா மாமா?

பொன்னுரங்கம்: ஊதிட்டேன். ஒண்ணுதான். அதுவும் பாதியிலயே அணைச்சிட்டேன்.

முத்தம்மாள்: கடலூரு டாக்டரு இன்னா சொன்னாரு? இன்னமும் பீடி குடிச்சா கட்டுமரம் ஏறவே முடியாதுன்னு...

பொன்னுரங்கம்: தெரியுது புள்ள. அலையத் தாண்டறதுக்குள்ள மூச்சு எறைக்குது. விடத்தான் போறேன். எங்க சறுக்குறேன்னு யோசிச்சுப் பாத்தேன்.

முத்தம்மாள்: யோசிக்க இன்னா இருக்குது? கரையில அந்தச் சுப்பராயலுகூட உக்காந்தா...

பொன்னுரங்கம்: அதான் இல்ல. அவன் என் மூஞ்சிலயே ஊதுறான், எனக்கு ஒண்ணும் ஆவல. சிதம்பரத்துல தங்கச்சி வூட்டுல ஒரு வாரம் கெடந்தேன், நெனப்பே வரல. நம்ம வூட்டுக்குள்ள நொழைஞ்சாதான்...

முத்தம்மாள்: ...வூட்டுல இன்னா இருக்குது?

பொன்னுரங்கம்: பீடி வாசன. போன தபா சறுக்கினதும் அதாலதான். அதுக்கு முந்தின தபாவும்.

முத்தம்மாள்: பிரமை மாமா. சோறு ஆறுது, தின்னு.

பொன்னுரங்கம்: பிரமை இல்ல, கூரை. சைனாக்காரன் சண்டையப்ப வேஞ்சது. அன்னையிலருந்து என் பொகையத்தான குடிச்சிக்கினு கெடக்குது? நாளைக்கே பிரிச்சுப் போடறேன்.

முத்தம்மாள்: ஐப்பசி பொறக்கப் போவுது. மழையில புள்ளைங்கள எங்க வெச்சிக்கறது?

பொன்னுரங்கம்: ஒங்க அம்மா வூட்டுல இரு. ஒங்க அண்ணன் அய்யனாருகிட்ட சொல்லியாச்சு. விடிஞ்சதும் கீத்தோட வந்துருவாரு.

முத்தம்மாள்: சொல்லிட்டியா...

பொன்னுரங்கம்: சொல்லிட்டேன். மூஞ்சி ஏன் ஒரு மாதிரி ஆவுது?

முத்தம்மாள்: இல்ல... நீ பீடி கேட்டா, நான் அடுப்புல பத்த வெச்சு, அணையாம இருக்க ரெண்டு இழுப்பு இழுத்துத்தான குடுப்பேன்?

பொன்னுரங்கம்: ஆமா, கல்யாணம் ஆனதுலருந்து. அதுக்கு இன்னா இப்ப?

முத்தம்மாள்: நீ வுடறேன்னு நின்னுட்ட. அந்த ரெண்டு இழுப்பே எனக்குப் பழகிப் போச்சு, என்னால வுட முடியல மாமா. நீ வர்ற சத்தம் கேட்டா கையில இருக்கற பீடிய அடுப்புல போட்டுருவேன்...

பொன்னுரங்கம்: அப்ப அந்த வாசன...

முத்தம்மாள்: என்னோடதுதான். ஒன்ன நான்தான் கெடுத்தேன். திட்டறதுன்னா திட்டு. கூரையப் பிரிக்காத. அண்ணனுக்கு வர வேணாம்னு சொல்லியனுப்பு.

பொன்னுரங்கம்: மச்சான்கிட்ட நான் சொல்லவே இல்ல. நீயா வாயத் தொறக்கணும்னுதான் கூரைப் பேச்ச இழுத்தேன். இன்னைக்கு நான் ஊதுனது யாரு பீடின்னு நெனச்ச? உப்புப் பானைக்குப் பின்னாடி நீ வெச்சிருந்த கட்டுலருந்து எடுத்ததுதான். மிச்சத்தக் கடல்ல போட்டுட்டுத்தான் வந்து உக்காந்தேன். இனிமே ரெண்டு பேருக்கும் கெடையாது.